கியரை எண்ணி வண்டி வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில் பைக் வாங்குவது பற்றி வந்த கட்டுரையில், "6 கியர் இருப்பதால் வேகம் அதிகம்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு என் அக்கா மகன், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 5 கியர் வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்கப் போகிறேன் என்று நிற்கிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் சேற்றுழவுக்கு வரும் டிராக்டருக்கு முன்னால் போக 8 கியர், பின்னால் வர 2. ஃபார்முலா ஒன் காருக்கும் 2014 முதல் முன்னால் போக 8 கியர்தான். அது 300 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கிறது, டிராக்டர் டாப் கியரிலேயே ஏறக்குறைய 30தான் போகும். எண்ணிக்கை ஒன்றுதான், வேலை வேறு. டிராக்டருக்கு நாலு கியரை ஹை, லோ என்று ஒரு லிவரால் இரட்டித்து எட்டாக்கியிருப்பதே, சேற்றில் நடை வேகத்துக்கும் குறைவாக இழுக்கவும் வேண்டும், நெல் மூட்டையோடு ரோட்டில் ஓடவும் வேண்டும் என்பதால்தான்.

எந்த எஞ்சினும் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற ஒரு குறிப்பிட்ட அளவுக்குள்தான் நன்றாக இழுக்கும். அந்த அளவு குறுகலாக இருந்தால் அதைவிட்டு இறங்காமல் ஓட்டக் கியர் நிறைய வேண்டும். 1967-இல் சுசுகி செய்த 50 சிசி பந்தய பைக்குக்கு 14 கியர்! எஞ்சின் 17,000 சுற்றுக்கு மேல் போனால்தான் அதன் முழு சக்தி வரும், கொஞ்சம் கீழே வந்தாலும் படுத்துவிடும், அதனால் அத்தனை. அப்புறம் 1969-இல் அந்த வகுப்புக்கு 6 கியருக்கு மேல் கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம் மின்சார ஸ்கூட்டரைப் பாருங்கள், நின்ற இடத்திலிருந்தே மோட்டார் முழு இழுவை தருவதால் மாற்றுவதற்குக் கியரே இல்லை. நம் டிவிஎஸ் 50-உம் ஒரே கியரை வைத்துக்கொண்டுதானே மூட்டை மூட்டையாகச் சுமந்தது?

6 கியர் புதுமையும் இல்லை. 1983-இல் வந்த ராஜ்தூத் 350-க்கே ஆறு இருந்தது. நாலே கியர் வைத்த ஆர்எக்ஸ் 100 எடுத்த எடுப்பிலேயே சீறியதை, ஓட்டியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆறாவது கியரில் லாபமே இல்லை என்று சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் போகும், பெட்ரோலும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அதுகூட அந்தக் கியரின் பல் கணக்கை, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதைப் பொறுத்தது. நெருக்கமாக அடுக்கிய ஆறில் எஞ்சின் கத்தும், டாப் கியரில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்படி வைத்த ஐந்தில் அமைதியாக ஓடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இனி வண்டி விவரம் போடும்போது "6 கியர்" என்பதோடு நிறுத்தாமல், டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். என் அக்கா மகனிடம் அடுத்த இதழ் வரும்வரை பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
மன்னார்குடி