முதல் பாட்டிலைக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி

தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மாநில, மாவட்ட அலுவலர்களுக்கு,

வணக்கம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய உங்கள் திட்டத்தால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கான மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வசதியுள்ளவர்களுக்கு மட்டும் எட்டிய குணம் இன்று ஏழைக்கும் எட்டுகிறது. அந்த மருந்து ஒருவருக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

மருந்து தொடங்கும் நாளில் சர்க்கரை, பிரஷர், காசநோய் மாத்திரைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். தூக்கம் வராமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இரவுப் பணிக்காரர்களும் தொலைதூர லாரி ஓட்டுநர்களும் மோடாஃபினில், ஆர்மோடாஃபினில் மாத்திரைகளை 'முழிப்பு மாத்திரை' என்றே அறிவார்கள். அதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்காததால், கேட்காமல் சொல்லவும் மாட்டார்கள். ஹெபடைட்டிஸ் சி தரும் ஓயாத அசதியே சிலரை அந்த மாத்திரையின் பக்கம் தள்ளுகிறது.

இதில் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மோடாஃபினிலைத் தினமும் சாப்பிட்டால் கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் சைப் 3ஏ4 என்ற நொதி கூடுகிறது. ஹெபடைட்டிஸ் சி மருந்தான டாக்லடாஸ்விர் உடைவது அதே நொதியால்தான் என்பதால் ரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது. அதனுடன் சேர்த்துத் தரும் சோஃபோஸ்புவிரோடு மோடாஃபினிலை நேரடியாக ஆராயவில்லை என்றாலும், அளவு குறையும் என்று எதிர்பார்த்து, இரண்டையும் சேர்த்துத் தர வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்துக் குறிப்பு சொல்கிறது. சோஃபோஸ்புவிரோடு வெல்படாஸ்விர் கலந்த மாத்திரைக்கும் அங்கே அதே எச்சரிக்கைதான். இப்படி நொதியை மிதமாகக் கூட்டும் மருந்துகளோடு டாக்லடாஸ்விரை 60 மி.கி.யிலிருந்து 90 மி.கி.க்கு உயர்த்தலாம் என்று அமெரிக்கக் குறிப்பு சொன்னது. கூட்டு மருந்தில் அது பாதித் தீர்வுதான், சோஃபோஸ்புவிரின் குறைவை அது ஈடுகட்டாது.

தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரே ஒரு மாத்திரை போட்டவரைப் பற்றி நாங்கள் பேசவில்லை. வாரக்கணக்கில் தினமும் 100, 200 மி.கி. சாப்பிடுகிறவரைப் பற்றிப் பேசுகிறோம். நொதி ஏறவும் நாளாகும், இறங்கவும் நாளாகும். மாத்திரையை இன்று நிறுத்திவிட்டு நாளை வைரஸ் மருந்தைத் தொடங்கினால் போதாது. ஏறக்குறைய இரண்டு வாரம் இடைவெளி வேண்டும்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகிறது? அவர் 12 வாரம் ஒரு வேளை தவறாமல் சாப்பிடுகிறார். அடுத்த 12 வாரம் காத்திருந்து ரத்தம் கொடுக்கிறார். வைரஸ் இருக்கிறது என்று முடிவு வருகிறது. உடனே அவரிடம் கேட்கப்படுவது, "ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்பதுதான். 84 நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டவர் தலைகுனிந்து நிற்கிறார். டாக்லடாஸ்விர், வெல்படாஸ்விர் வகைக்கு வைரஸ் எதிர்ப்பு பெற்றுவிட்டால் அந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கும். அடுத்த சுற்று 24 வாரமாகலாம், ரிபாவிரினும் சேரலாம். அவர் செய்யாத தவறுக்கு அவரைக் குற்றவாளியாக்குவது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

ரிபாவிரின் சேர்ந்தால் பெண்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது கருவைச் சிதைக்கும் மருந்து, முடித்த பிறகும் ஒன்பது மாதம் கருத்தரிக்கக் கூடாது. ஹார்மோன் கருத்தடை மாத்திரையின் பலனை மோடாஃபினில் குறைக்கும், நிறுத்திய பின்னும் ஒரு மாதம் அந்த விளைவு இருக்கும். இதைத் தெரியாத பெண்ணிடம் "மாத்திரை சாப்பிடுறீங்கள்ல, கவலை வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு பெரிய அநீதி!

மருத்துவர் சீட்டில்லாமல் தரக்கூடாத இந்த மாத்திரை பல கடைகளில் கேட்டவுடன் கிடைக்கிறது. சட்டம் இருக்கிறது, அதைச் செயல்படுத்த ஆளில்லை. அந்தக் கோபத்தை உங்கள் மேல் இறக்குவது முறையல்ல, அது வேறு துறையின் வேலை. உங்கள் கையில் இருப்பதை மட்டும் பணிவோடு கேட்கிறோம்.

முதல் பாட்டிலைக் கொடுக்கும் முன், தூக்கம் வராமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்ற கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். சிகிச்சை அட்டையில் மோடாஃபினில், ஆர்மோடாஃபினில் என்ற இரண்டு பெயர்களையும் தமிழில் அச்சிடுங்கள். கேட்பவர் அதட்டக் கூடாது, அதட்டினால் பதில் வராது. சாப்பிடுகிறேன் என்று சொல்பவரிடம் "நிறுத்து" என்று மட்டும் சொல்லி அனுப்பவும் வேண்டாம். பகலிலேயே அடக்க முடியாமல் தூக்கம் வரும் நார்கோலெப்சி நோயாளியோ ஓட்டுநரோ திடீரென நிறுத்திவிட்டு வண்டி ஓட்டினால் உயிருக்கே ஆபத்து. மருந்து எழுதிய மருத்துவரிடம் பேசி, பணி நேரத்தை மாற்ற முடியுமா, மெத்தில்ஃபெனிடேட் போல வேறு நொதியால் உடையும் விழிப்பு மருந்து பொருந்துமா என்று பார்க்கலாம். சந்தேகம் வந்தால் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஹெபடைட்டிஸ் மருந்து இணையதளத்தை இலவசமாகவே பார்க்கலாம்.

மருந்து பலிக்கவில்லை என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் கோப்புகளையும் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். அவர்களை அழைத்து, அடுத்த சுற்றைத் தொடங்கும் முன் இதே கேள்வியைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்