பாடகர்களின் கதையில் பாட்டு எங்கே?

அன்புள்ள சண்முகம் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். பேத்தி வாய்ப்பாட்டு கற்கத் தொடங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் நிறைந்தது. ‘காவியத்தலைவன்’ படத்தை இப்போதுதான் பார்த்ததாகவும், இத்தனை பெரிய கலைஞர்கள் கூடியும் படம் ஏன் மனத்தில் ஒட்டவில்லை என்று புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2014இல் அது வெளியானபோது திரையரங்கில் பார்த்துவிட்டுச் சோர்ந்து திரும்பியவன் நான். அன்றிலிருந்து யோசித்து வந்ததை உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் எதிர்பார்ப்பு நியாயமானதுதான். ‘வெயில்’, ‘அங்காடித் தெரு’ ஆகிய படங்களைத் தந்த வசந்தபாலன் இயக்கம், ஏ.ஆர். ரகுமான் இசை, ஜெயமோகன் வசனம். களமோ நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக சபை. அன்றைய மேடைகளில் பாடி நடித்துப் புகழ்பெற்ற செங்கோட்டை கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் வாழ்க்கைச் சாயலும் கதையில் உண்டு. தமிழ்ப் படம் பேசவும் பாடவும் கற்றுக்கொண்டதே அந்த மேடைகளிடம்தான். அந்தக் கடனை ஒரு படமாவது திருப்பித் தரும் என்று நான் மனமார நம்பினேன்.

நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. குருவாக வரும் நாசர், சூரபத்மன் வேடத்துக்கு உரியவர் யார் என்று அறிய, மாணவர்களாக வரும் சித்தார்த்தையும் பிருத்விராஜையும் தனித்தனியே நடித்துக் காட்டச் சொல்லும் காட்சியை இப்போது பார்த்தாலும் உடல் சிலிர்க்கிறது. ஒருவர் பாடம் பிசகாமல் நடிக்கிறார்; மற்றவர் சூரனாகவே ஆகிவிடுகிறார். ஆனால் அங்கேயும் வெற்றி தோல்வியை முடிவு செய்வது நடிப்புதான், பாட்டு அல்ல. என் குறையெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

சங்கீத நாடகத்தில் பாட்டுதான் செயல். ‘வள்ளி திருமண’த்தில் நாரதரும் வள்ளியும், பின்னர் வேடனாக வரும் முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்வதெல்லாம் பாட்டிலும், தாளமின்றி ராகத்தோடு பாடும் விருத்தத்திலும்தான். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒத்திகையே கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் எதிர்கொள்வார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் சென்ற மாசியில் பார்த்தேன்: ராஜபார்ட், அதாவது நாயக வேடக்காரர், ஒரு விருத்தத்தை மேலே கொண்டுபோய் நிறுத்தினார், வள்ளியாக நடித்த பெண் சற்றும் தயங்காமல் அதே ராகத்தை அதே இடத்திலிருந்து பிடித்து, அவருடைய கேள்வியையே மடக்கிப் பாடினார். ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, “பதில் சொல்லுங்க வேலரே” என்றார். கூட்டம் எழுந்து நின்றது. கொழும்பு மேடையில் சுந்தராம்பாளுடன் கிட்டப்பா சேர்ந்து நடிக்கவிருந்தபோது, அந்தப் பெண்ணின் குரலுக்கு ஈடுகொடுக்க முடியாது என்று சிலர் அவரை எச்சரித்ததாகச் சொல்வதுண்டு. இருவரின் காதலும் அப்படிப்பட்ட எதிர்ப்பாட்டில்தான் முளைத்தது என்பது எவ்வளவு பெரிய நாடகம்!

இரண்டு போட்டியாளர்களையும் அவர்களுக்கு நடுவே ஒரு பாடகியையும் வைத்துக்கொண்டு, அவர்களை ஒரு முறையாவது மேடையில் முழு நீளத்துக்குப் பாட்டால் மோதவிடாமல் படம் நகர்ந்துவிடுகிறது. பொறாமையைப் பார்வையும் பின்னணி இசையும் சொல்கின்றன. காதலை வசனம் சொல்கிறது. பாட்டு வரும்போதெல்லாம் கதை ஓரமாக நின்று காத்திருக்கிறது. ரகுமானின் மெட்டுகளில் எனக்குக் குறையில்லை. ‘யாருமில்லா’ பாட்டை இன்றும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் நாயகனுக்காக ஹரிசரண் இனிமையாகப் பாடிய குரல், ஒலிப்பதிவுக் கூடத்தின் துல்லியத்தோடு, அரங்கின் முன்வரிசையில் இருப்பவருக்கும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஒரே அளவில் கேட்கிறது. கிட்டப்பாவின் இசைத்தட்டில் ‘எவரனி’ பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒலிபெருக்கி இல்லாமல் ஆயிரம் பேரை எட்டிய குரல் எப்படி இருக்கும் என்று. அந்த உச்சஸ்தாயி, இரவு முழுவதும் பாட வேண்டிய உடலின் வலிமை, 27 வயதில் 1933இல் அது அணைந்துபோன துயரம் ஆகியவற்றில் எதையும் இந்தப் படத்தின் ஒலியில் என்னால் உணர முடியவில்லை.

பிற்பகுதியில் விடுதலைப் போராட்டம் நுழைகிறது; கதை துப்பாக்கியில் போய் முடிகிறது. இது எனக்குத் தீராத வருத்தம். ஏனென்றால் நாடகக்காரர்கள் அந்தப் போரையும் பாட்டாலேயே நடத்தினார்கள். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய ‘கொக்கு பறக்குதடி பாப்பா’வை நாடக நடிகர் விசுவநாததாஸ் பாடியபோது, கொக்கு என்பது வெள்ளைக்காரர்தான் என்பது காவலுக்கு நின்ற போலீசாருக்கும் தெரிந்திருந்தது. பலமுறை சிறை சென்ற அவர், 1940இல் சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். இப்படியொரு வரலாறு கையில் இருக்க, துப்பாக்கிக்கு என்ன தேவை?

இத்தனை சொன்னாலும் வசந்தபாலன்மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. பலரும் தொடத் தயங்கும் களத்தைத் தொட்டவர் அவர். இதே களத்தை இன்னொருவர் எடுக்க வேண்டும். மேடையில் உண்மையாகப் பாடத் தெரிந்தவர்களையே நடிக்க வைக்க வேண்டும். ஒரு தர்க்கத்தையாவது வெட்டாமல் பத்து நிமிடம் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா, அல்லது உங்கள் மனத்தில் ஒட்டாமற்போனதற்கு வேறு காரணம் உண்டா என்று விரிவாக எழுதுங்கள். மாசியில் பேத்தியை அழைத்துக்கொண்டு இங்கே வாருங்கள். இந்த முறையும் ‘வள்ளி திருமணம்’தான் நடக்கவிருக்கிறது.

அன்புடன்,
இராமநாதன்