தாடியோட டிஸ்க் சாகலடா

டேய் மாப்ள,

எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா. நான் இங்க எப்பவும் போலதான். சரி விஷயத்துக்கு வரேன், தாடியோட ஹார்ட் டிஸ்க் உயிரோட இருக்கு! அதேதான்டா, சீகேட் கோஃப்ளெக்ஸ், நீயும் அவனும் ரெட்டைப் புள்ளைக்கு சட்டை எடுத்த மாதிரி ஜோடியா வாங்குனீங்களே அது.

அவன் அதுக்கு காரியமே பண்ணிட்டான். ஆனா டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல, மாட்டி வச்சிருந்தது ஃபயர்வயர் 800 அடாப்டர், பழைய மேக்ல இருந்த கனெக்ஷன்டா அது, இப்ப இருக்கற லேப்டாப்ல டைப் சி தவிர வேற ஓட்டையே கிடையாது. தண்டர்போல்ட்னு மேக்ல ஒரு வேகமான கனெக்ஷன் இருக்கே, அதோட 3-ல இருந்து 2, அதுல இருந்து ஃபயர்வயர்னு டாங்கிள் மேல டாங்கிளா கோக்கலாம்னு யாரோ சொல்லியிருக்காங்க, இவன் மெஷின்ல ஓடுறது மேக்ஓஎஸ் 26, அதுல ஃபயர்வயர் சப்போர்ட்டே கிடையாது, கோத்து என்ன பிரயோஜனம்.

நான் போய் அந்த அடாப்டரை புடிச்சு ஒரு இழு இழுத்தேன், கையோட வந்துடுச்சு. பதறிட்டான் மனுஷன். அது கழட்டறதுக்குன்னே செஞ்சதுடா, 2010-ல அதை வித்ததே அப்படிதானே, டிஸ்க் ஒண்ணு, யூஎஸ்பி 2, யூஎஸ்பி 3, ஈசாட்டா, ஃபயர்வயர்னு எது வேணுமோ அந்த அடாப்டரை மாத்திக்கோன்னு. கழட்டுனா உள்ள இருக்கறது அவங்களுக்குன்னு தனியா செஞ்ச பின் இல்ல, சாதாரண சாட்டா, கம்ப்யூட்டருக்குள்ள டிஸ்க்கை மாட்டற பொதுவான கனெக்டர், டேட்டாவுக்கு 7 பின் பவருக்கு 15 பின். தலை ஒல்லியா இருக்கற சாட்டா டு யூஎஸ்பி கேபிள் ஒண்ணு சொருகுனேன், விர்ருனு சுத்துது, எல்லா ஃபோல்டரும் வந்து நிக்குது.

இதை நெனச்சுதான் எனக்கு தூக்கமே போச்சு. இப்ப வர்ற போர்ட்டபிள் டிரைவ் சிலதுல சாட்டாவே கிடையாது, யூஎஸ்பி சாக்கெட்டை டிஸ்க்கோட போர்டுலயே சால்டர் பண்ணிடறாங்க, சாக்கெட் ஆட ஆரம்பிச்சா வேற கேபிள் மாத்தி பொழைக்க வழியில்ல, போர்டுலதான் கை வைக்கணும், அதுலயும் சிலதுல அந்த போர்டே டேட்டாவை பூட்டி என்கிரிப்ட் வேற பண்ணும். அந்த காலத்துல நாம என்னமோ கேபிளை மாத்தற வசதின்னு நெனச்சோம், உண்மைல நம்மள காப்பாத்துனது உள்ள இருந்த அந்த பொதுவான பின்தான்.

மூக்கன் தண்டர்போல்ட் அடாப்டர் வாங்கிட்டு ஆடுன ஆட்டம் ஞாபகம் இருக்கா, 10 ஜிபிபிஎஸ் 10 ஜிபிபிஎஸ்னு, அதாவது செகண்டுக்கு 10 கிகாபிட். உள்ள இருக்கறது நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்தற டிஸ்க், தலைகீழா நின்னாலும் செகண்டுக்கு 100 எம்பி கிட்டதான் வரும், அது யூஎஸ்பி 3-லயே வந்துடுது. அதுல சுத்தாம சிப்ல எழுதற எஸ்எஸ்டி மாட்டியிருந்தா அர்த்தம் உண்டு, அவன் எங்க மாட்டுனான்.

இப்ப விளையாட்டு இல்லாம கேளு. உன்னோட டிஸ்க்கையும் தாடிதான் மேக்ல ஃபார்மட் பண்ணிக் கொடுத்தான். நீ இப்ப விண்டோஸ்ல இருக்க. சொருகுன உடனே ஃபார்மட் பண்ணவான்னு கேட்டாலும் கேக்கும், படிக்க தெரியலன்னு சொல்றதுக்கு பதிலா அப்படி கேக்கும் அது. ஓகே அமுக்கிடாத, பையன் கையிலயும் கொடுக்காத. மேக் வச்சிருக்கறவங்க யார்கிட்டயாவது கொண்டு போ, இல்ல மேக் ஃபார்மட்டை படிக்கற சாஃப்ட்வேர் போட்டுக்கோ. அடாப்டரை எத்தனை தடவை வேணா மாத்தலாம், உள்ள இருக்கற தட்டை மாத்த முடியாதுடா, பத்து வருஷத்துக்கு மேல சும்மா கெடந்த மோட்டார் வேற, ஓடுனா மொதல்ல காப்பி எடு, ரெண்டு எடத்துல எடு, ஃபோட்டோ பாக்கறதெல்லாம் அப்பறம். வாத்தியார் பேசுன அந்த வீடியோ தாடிகிட்ட பாதிதான் இருக்கு, மீதி உன்கிட்டதான் இருக்கணும். அவர் போனப்பறம் வேற யார்கிட்ட போய் கேக்கறது.

எந்த அடாப்டர் மாட்டியிருக்குன்னு பாத்து மொதல்ல ஒரு வரி எழுது, சொருகறதுக்கு முன்னாடி. உனக்கும் ஃபயர்வயர்தான்னா கேபிளை நானே அனுப்பறேன், நீ மூக்கன்கிட்ட மட்டும் யோசனை கேக்காத.

உன்
ஒட்டடை