பெரியப்பாவின் கப்பல் வந்த நாள்

கொலோன், ஜெர்மனி,
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியும் கடிதமும் பெரியம்மா கையால் வந்து சேர்ந்தன. நாலு மாதமாக எழுதாததற்கு நான் என்ன சமாதானம் சொன்னாலும் உனக்கு ஆறாது. கோபப்படாமல் படி.

பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தது சுவிட்சர்லாந்தில் பாசலில் ஏறி ஆம்ஸ்டர்டாம் போகிற கப்பலில். ரைன் ஆற்றிலேயே வருவதால் ஊர் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். காலை ஒன்பதுக்கு இறங்கினார்கள். ஐந்துக்குள் திரும்பியாக வேண்டும். ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, அதற்கும் மேல் மஃப்ளர் என்று பெரியம்மா இறங்கி வந்ததும் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருடத்தில் நம் வீட்டு முகம் ஒன்றை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன்.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பெரிய தேவாலயம். உயரம் 157 மீட்டர். மேலே போக 533 படி. ஏறியே தீருவேன் என்றார் பெரியப்பா. வழியில் 24 டன் மணி ஒன்று தொங்குகிறது. ஊர்க்காரர்கள் அதைத் 'தடியன் பீட்டர்' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். அதைப் பார்த்தவர் போதும் என்று திரும்பிவிட்டார். முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இறங்கும்போது கதையைச் சொன்னேன். 1248-ல் தொடங்கிய கட்டடம். பதினாறாம் நூற்றாண்டில் பணமும் ஆர்வமும் வற்றி வேலை நின்றுபோனது. தெற்குக் கோபுரம் பாதியில் நிற்க, கல் தூக்குகிற மர யந்திரம் அதன் தலையிலேயே முந்நூறு வருடத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. 1842-ல் மறுபடி ஆரம்பித்து 1880-ல்தான் முடித்தார்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே நம் மொட்டைமாடியில் அப்பா விட்டுப்போன பில்லர் கம்பிகள் கண்முன் வந்துவிட்டன. பெரியப்பாவும் அதையே நினைத்தாரோ என்னவோ, மீதிப் படியெல்லாம் பேசாமல் என் தோளைப் பிடித்தபடி இறங்கினார்.

ரயில் பாலத்துக் கம்பிவேலி முழுக்கப் பூட்டுகள். காதலர்கள் பேரெழுதிப் பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் போட்டுவிடுவார்கள். பெரியம்மா, "அரசமரத்தில் தொட்டில் கட்டுகிற மாதிரிதானே" என்று சொல்லி ஒன்றைத் தொட்டுக் கும்பிட்டாள்.

கப்பல் சாப்பாடு அவளுக்குப் பிடிபடவில்லையாம். நான் சோறு வடித்துக் கொண்டுபோயிருந்தேன். ஆற்றங்கரை பெஞ்சில், அந்தக் குளிர்காற்றில், உன் பொடியைப் போட்டு அவளே பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுத்தாள். முதல் வாயிலேயே தொண்டை அடைத்துவிட்டது. காரம் என்று சொன்னேன்.

அறையைப் பார்க்க ஆசைப்பட்டாள். அது ஊர்க் கடைசியில் இருக்கிறது, போய்வர நேரமில்லை. நல்ல அறைதான் அம்மா, ஹீட்டர் இருக்கிறது. இப்போது மூன்று பேராக இருக்கிறோம், அதனால் பேச்சுத்துணைக்கும் குறைவில்லை.

கப்பல் பாலத்தைத் தாண்டும்வரை நின்றிருந்தேன். பெரியம்மா சால்வையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா, உன் பக்கத்தில் ஒரு ராத்திரி படுத்துத் தூங்கவேண்டும் போல இருக்கிறது.

இந்த மாதப் பணம் பத்துத் தேதிக்கு மேல்தான் வரும். வேலையில் ஷிப்ட் மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. பாப்பா வளைகாப்புக்கு அத்தையை நீயே நேரில் போய் அழைத்துவிடு. வேலித் தகராறை அன்றைக்கு யாரும் எடுக்கவேண்டாம். கொத்தனாரிடம் சொல்லி, மழைக்கு முன்னால் அந்தக் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் அடிக்கச் சொல். துருப்பிடிக்க விட்டுவிடாதே. தை மாதம் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் மகன்