எங்கள் பிள்ளைகள் குரலெடுத்துக் கூப்பிட வழிவிட்டவர்களுக்கு

அன்புள்ள ஊரவர்களுக்கும், தூரத்தில் இருந்தும் எங்களைக் கைவிடாத உறவுகளுக்கும்,

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பக்கம், முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாயும் எங்கள் கிராமங்களின் பெண்பிள்ளைகள் உதைபந்தாட்ட அணி சார்பில் இதை எழுதுகிறேன். காலபோக அறுவடை முடிந்து எல்லோர் கையும் கொஞ்சம் ஓய்ந்திருக்கிற நேரம். சிறுபோகம் தொடங்கினால் பிறகு யாரையும் பிடிக்க முடியாது. அதனால் சொல்ல வேண்டிய நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் மைதானம் இருக்கிற காணியைத் துப்புரவாக்கித் தந்தவர்களுக்கு. போர் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் அங்கே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நட்டிருந்தன. ஆடு மாடுகூட அந்தப் பக்கம் போகாமல் மறித்துக் கட்டினோம். கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு வன்னியில் எத்தனையோ பெண்கள் போனார்கள். கணவனை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியே இழுத்தவர்கள். கொதிக்கிற வெயிலில் பாரமான கவசத்தையும் முகமூடியையும் போட்டுக்கொண்டு, முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார்கள். அப்படி அந்த வேலைக்குப் போனவர்களில் ஒருவர் எங்கள் கோல் காப்பாளரின் அம்மா. பந்து கோட்டைத் தாண்டிப் பற்றைக்குள் போனால் யோசிக்காமல் ஓடிப்போய் எடுக்கலாம் என்பது எங்கள் வயதுக்காரருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

ஏன் உதைபந்தாட்டம், பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் இருக்கிறதே என்று தொடக்கத்தில் பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். இலங்கை வலைப்பந்தாட்ட அணி வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் ஆடிய விளையாட்டின் மேல் எங்களுக்கு எவ்வளவோ மரியாதை உண்டு. ஆனால் வலைப்பந்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. இன்னார் இன்ன பகுதிக்குள்தான் நிற்கலாம் என்ற வரையறையும் இருக்கிறது. உதைபந்தில் மைதானம் முழுக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தம். எங்கே ஓடுவது, யாருக்குக் கொடுப்பது என்று ஓடிக்கொண்டே அவளே முடிவெடுக்க வேண்டும். கரையில் நிற்கிற என்னால் அந்த நேரத்தில் ஒன்றுமே செய்ய முடியாது. அதைவிட முக்கியம், பந்து வேண்டுமென்றால் வாய்திறந்து கூப்பிட வேண்டும். 'மெதுவாக் கதை', 'றோட்டுக்குக் கேக்கப் போகுது' என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் அல்லவா, முதல் மாதங்களில் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடினார்கள். பக்கத்தில் ஆளில்லாமல் நின்றுகொண்டு கண்ணால் பந்து கேட்பார்கள். இப்போது 'பின்னுக்கு ஆள்!', 'எனக்கு விடு!' என்று அவர்கள் போடுகிற சத்தம் வாய்க்கால் கட்டு வரைக்கும் கேட்கிறது. அந்தச் சத்தத்தைப் பற்றி முறைப்பாடு சொல்லாத அயலவர் எல்லோருக்கும் தனியாக ஒரு நன்றி.

எங்கள் ஊரில் பிறந்து இப்போது கனடாவில் இருக்கும் அண்ணா பந்துகளை மட்டும் அனுப்பவில்லை. வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடித் தேடி அனுப்பினார். கென்யாவின் கிலிஃபி என்ற கரையோரப் பகுதியில் 'மூவிங் த கோல்போஸ்ட்ஸ்' என்ற அமைப்பு 2001 தொடக்கம் வசதி குறைந்த பெண்பிள்ளைகளோடு வேலைசெய்கிறது. அங்கே போட்டியை ஒழுங்கு செய்வதும், நடுவராக நிற்பதும், சிறியவர்களைப் பழக்குவதும் பிள்ளைகளேதான். இந்தியாவின் ஜார்க்கண்டில் ராஞ்சிக்குக் கிட்ட 2009 இல் தொடங்கிய 'யுவா' அமைப்பிலும் மூத்த பிள்ளைகள்தான் இளையவர்களுக்குப் பயிற்சியாளர்கள். அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் 2013 இல் ஸ்பெயினுக்குப் போய் ஒரு சர்வதேசச் சுற்றுப்போட்டியில் மூன்றாம் இடம் எடுத்தார்கள். இவற்றைப் பார்த்த பிறகுதான் எங்கள் அணியின் வேலைகளைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தோம். தலைவியை அவர்களே வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிறார்கள், தவணைக்கு ஒருவர். வரவு பதிவது ஒரு பிள்ளை, காசுக் கணக்கு இன்னொரு பிள்ளை, விசில் பிடிப்பது சுற்றுமுறையில் எல்லோரும். நன்றாக விளையாடுகிற பிள்ளைதான் தலைவி ஆவாள் என்று நினைத்திருந்தோம். அவர்கள் முதலில் தெரிவுசெய்தது, பந்தை அவ்வளவாக அடிக்கத் தெரியாத, ஆனால் அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருக்கிற ஒருத்தியை.

விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கு நன்றி சொல்லும்போது அந்தக் கூட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. மைதானம் பின்னேரத்தில் யாருக்கு என்று இழுபறியாக இருந்தது. பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டீர்கள். நான் போகவில்லை, அந்தத் தவணைத் தலைவி போனாள். பத்தாம் ஆண்டுப் பிள்ளை. அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய் எழும்பி நின்று வாசித்தாள்: "திங்கள், புதன், வெள்ளி எங்களுக்குத் தாங்கோ. மற்ற நாள் உங்களுக்கு. மழைக்குப் பிறகு புல்லு வெட்டுற வேலையில பாதி எங்கட." அங்கே இருந்த ஒரு பெரியவர், பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும், "பொம்பிளைப் பிள்ளையளுக்கு உது என்னத்துக்குப் பிள்ளை?" என்று கேட்டார். அவள் கொப்பியை மூடிவிட்டுச் சொன்னாள்: "ஐயா, இங்கிலாந்திலயும் உப்பிடித்தான் சொல்லி 1921 இல பொம்பிளையளைச் சங்கத்து மைதானங்களில விளையாட விடாமல் தடுத்தவை. கிட்டத்தட்ட 50 வருசத்துக்குப் பிறகு தாங்களே அதை எடுத்திட்டினம். நாங்களும் 50 வருசம் பாத்துக்கொண்டு இருக்கோணுமே?" பெரியவர் சிரித்துவிட்டார். இன்றைக்குப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் அந்த ஐயாவின் கிணற்றில் இருந்துதான் வருகிறது. ஐயா, உங்களுக்கு எங்கள் மனம் நிறைந்த நன்றி. மூன்று நாளையும் விட்டுத்தந்த தம்பிமாருக்கும்தான்.

முல்லைத்தீவுக் கரையில் இருந்து பழைய நைலோன் வலையைக் கொண்டுவந்து கோல் வலை பின்னித் தந்த அண்ணா ஒரு சதமும் வாங்கவில்லை. அகலம் 24 அடி, உயரம் 8 அடி என்று பிள்ளைகள் அளவு சொன்னதும், "இதுக்குள்ள அடிக்கிறதும் ஒரு பெரிய வேலையோ!" என்றார். பிறகு முழங்காலில் குந்தி, மூலைகள் பிரியாமல் ஒவ்வொரு கண்ணுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டார். எப்படி முடிவது என்று இரண்டு பிள்ளைகளுக்குக் காட்டியும் கொடுத்தார். இப்போது வலை கிழிந்தால் அவர்களே பின்னுகிறார்கள். கம்பங்களை ஒட்டித் தந்த வெல்டிங் கடைத் தம்பிக்கும் நன்றி.

பொழுதுபட்டால் காட்டுக்கரை வீடுகளுக்குப் போகிற பாதையில் யானை நிற்கும். அந்தப் பயத்தில்தான் பல தாய்மார் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். லாண்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தில் பெட்டியைப் பூட்டி ஒவ்வொரு பயிற்சி நாளும் பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிடுகிற மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 2022 இல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்த நேரத்திலும் வயலுக்கு வைத்திருந்த டீசலில் எங்களுக்கும் ஊற்றினார். அவர் இல்லையென்றால் காட்டுக்கரைப் பிள்ளைகள் ஒருவரும் அணியில் இருந்திருக்க மாட்டார்கள்.

உடற்கல்வி ஆசிரியருக்கும் நன்றி. சிறிய பிள்ளைகளுக்கு 5ஆம் இலக்கப் பந்து பாரம், 4ஆம் இலக்கம் போதும் என்று அவர்தான் சொன்னார். பெண்பிள்ளைகளுக்கு முழங்கால் சவ்வு கிழிகிற ஆபத்து ஆண்களைவிடக் கூட என்பதால், பிஃபா 11+ என்ற 20 நிமிடப் பயிற்சியை விளையாட முன்னர் கட்டாயம் செய்விக்கப் பழக்கினார். மாதவிலக்கு நாட்களைப் பற்றிப் பிள்ளைகளோடும், பிறகு தாய்மாரோடும் தனித்தனியாக இருந்து கதைத்த குடும்பநல உத்தியோகத்தர் அக்காவை மறக்க மாட்டோம். அதற்குப் பிறகு பயிற்சிக்கு வராமல் நிற்பது நன்றாகக் குறைந்தது.

தாய்மாரே, உங்களுக்குத்தான் எல்லாரையும்விடக் கூடக் கடன்பட்டிருக்கிறோம். கூலி வேலைக்குப் போய்வந்து அடுப்பு மூட்ட முன்னர், பிள்ளையைப் பந்துக்கு அனுப்பிவிட்டு நீங்களே தண்ணீர் அள்ளினீர்கள். அயலில் சொன்ன கதைகளை எல்லாம் தாங்கினீர்கள். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்பலாம் என்று ஒரு வீட்டில் முடிவெடுத்திருந்தார்கள். நுண்கடன் கட்ட வேறு வழி இல்லை. அதைக் கேள்விப்பட்டு அணிப் பிள்ளைகள் என்னிடம்கூடச் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போய்த் திண்ணையில் இருந்தார்கள். பாடக் கொப்பிகளை யார் தருவது, ரியூசன் காசுக்கு யாரிடம் கேட்பது, வீட்டு வேலையில் யார் எந்த நாள் உதவுவது என்று அந்த அம்மாவோடு பேசி முடிவாக்கிவிட்டுத்தான் எழும்பினார்கள். அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள், சனிக்கிழமைகளில் சிறியவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறாள். அன்றைக்குப் பிள்ளைகளின் பேச்சைப் பேச்சாக மதித்துக் கேட்ட அந்த அம்மாவுக்கு நான் கைகூப்புகிறேன். ரியூசன் காசைக் கேட்காமலே விட்ட ஆசிரியருக்கும்தான்.

வலய மட்டப் போட்டியில் நாங்கள் அரையிறுதியில் தோற்றோம். தோற்ற அன்றைக்கும் பஸ் நிறைய வந்து கைதட்டினீர்களே, பிள்ளைகள் அதை இன்னும் கதைக்கிறார்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் வென்று காட்டியிருக்கிறார்கள், எங்களுக்கும் ஒரு நாள் வரும் என்று அவர்கள் நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன்.

சித்திரை விடுமுறையில் பக்கத்துக் கிராமங்களிலும் சிறிய பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடங்க எங்கள் மூத்த பிள்ளைகள் ஆயத்தமாகிறார்கள். 4ஆம் இலக்கப் பந்துகளும் சிறிய அளவுச் சப்பாத்துகளும் தேவைப்படும். பழையது என்றாலும் பரவாயில்லை. இதுவரை வந்த உதவிகள் எல்லாம் கணக்குக் கொப்பியில் பிள்ளைகளின் கையெழுத்தில் இருக்கின்றன. கொப்பி சனசமூக நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, யாரும் பார்க்கலாம். யாருடைய உதவியாவது அதில் விடுபட்டிருந்தால் காசாளர்ப் பிள்ளையிடம் சொல்லுங்கள், எழுதிக்கொள்வாள்.

நன்றியுடன்,
அணிப் பிள்ளைகள் எல்லோர் சார்பிலும்,
பொறுப்பாளர்