முதலில் அட்ரினலின், பிறகு அவில்

ஆசிரியருக்கு,

கதண்டு கொட்டியோ, ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமலோ ஒருவர் இறந்தார் என்று செய்தி வந்தால் பூச்சியின் விஷத்தையும் மருந்தின் தரத்தையும் பற்றியே பேசுகிறோம். கடுமையான ஒவ்வாமையில் உயிர் காக்கும் ஊசி மருந்தான அட்ரினலின் முதல் சில நிமிடங்களில் போடப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

ஒவ்வாமை என்றதும் பல கிளினிக்குகளில் கை போவது அவில் (அரிப்புக்கான ஒவ்வாமை மருந்து), டெக்சோனா (ஸ்டீராய்டு) ஊசிகளுக்குத்தான். அவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். வீங்கி அடைக்கும் தொண்டையைத் திறக்காது, விழுந்த ரத்த அழுத்தத்தை ஏற்றாது. டெக்சோனா வேலை செய்யவே சில மணி நேரமாகும். தளர்ந்த ரத்தக் குழாய்களை இறுக்கி, இறுகிய மூச்சுக் குழாய்களைத் தளர்த்துவது அட்ரினலின்தான். தடிப்போடு மூச்சுத்திணறலோ, குரல் கம்மலோ, தலைசுற்றி விழுவதோ சேர்ந்தால் அதைத்தான் முதலில் போட வேண்டும். தடிப்பே இல்லாமலும் இந்த உயிராபத்தான ஒவ்வாமை வரலாம்.

அட்ரினலினின் 1 மில்லி ஆம்பூலில் (சிறு கண்ணாடிக் குப்பியில்) இருப்பது 1 மில்லிகிராம் மருந்து. பெரியவர்களுக்கு அரை மில்லி. 6 முதல் 12 வயது வரை 0.3 மில்லி, அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு 0.15 மில்லி. நீர் கலக்காமல், தொடை நடுவில், வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். தோலுக்கடியில் போட்டால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, மருந்து உடம்பில் ஏறத் தாமதமாகும். அவசரத்துக்கு இன்சுலின் சிரிஞ்சை எடுப்பவர்கள் செய்யும் தவறும் இதுதான்: அதன் ஊசி குட்டை, பெரியவர்களின் தசையை எட்டாது. 1 அங்குல ஊசி வேண்டும். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் அதே அளவு மறுபடியும்.

'இதயத்துக்கு ஆபத்து' என்ற பயம்தான் பல மருத்துவர்களைத் தயங்க வைக்கிறது. அந்த ஆபத்து பெரும்பாலும் இதே ஆம்பூலை நேராக நரம்பில் ஏற்றுவதால் வருவது. உரிய அளவில் தசையில் போட்டால் வரும் படபடப்பும் நடுக்கமும் சற்று நேரத்தில் அடங்கிவிடும். இதய நோயாளி என்பதற்காகக்கூட இந்த ஊசியை மறுக்கக் கூடாது.

நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரலாம். 'சரியாகிவிட்டது, நடந்து வாருங்கள்' என்று எழுப்பிவிடுவது மிகப் பெரிய தவறு. சட்டென்று எழுந்து நின்ற மாத்திரத்தில் இதயம் நின்றுபோனவர்கள் உண்டு. சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பலாம் என்பதால் உடனே வீட்டுக்கும் அனுப்பக் கூடாது.

பல் மருத்துவமனை, தடுப்பூசி முகாம் என ஊசி போடும் எந்த இடத்திலும் இரண்டு ஆம்பூலாவது, சிரிஞ்சோடும் அளவு எழுதிய அட்டையோடும் கைக்கெட்டும் தட்டில் இருக்க வேண்டும், பூட்டிய அலமாரியில் அல்ல. வெளிச்சம் பட்டால் மருந்து கெடும். பழுப்பேறியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கி வையுங்கள்.

அவசர சிகிச்சை மருத்துவர்,
திருச்சி