பிளாஷ்பேக்கைத் தூக்கிலிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழிவாங்கும் ஆக்‌ஷன் படங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த வகைப் படங்கள் இடைவேளைக்குப் பிறகு படுத்துவிடுவதற்கு பிளாஷ்பேக்தான் காரணம், அதை வெட்டி எறிந்தால் படம் பிழைத்துக்கொள்ளும் என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். நோய் இருப்பது உண்மை. ஆனால் அவர் காட்டுகிற இடத்தில் இல்லை. அவர் போற்றுகிற படங்களிலேயே பாதிக்கு மேல் பிளாஷ்பேக்கில்தான் உயிர் வாழ்கின்றன. (சில படங்களின் முடிச்சுகளை இங்கே அவிழ்க்க வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

பழிவாங்கும் கதையில் சம்பவங்கள் மிகக் குறைவு. ஒரு கொடுமை நடக்கிறது, பாதிக்கப்பட்டவர் தேடிப் போகிறார், கணக்கு தீர்கிறது. இந்த ஒன் லைனை, அதாவது ஒரு வரிக் கதையை, யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். வேலை முழுக்க சீன் ஆர்டரில், அதாவது காட்சிகளை அடுக்கும் வரிசையில் இருக்கிறது. நாயகன், வில்லன், தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் என்ற மூவரில் எந்த விஷயம் யாருக்கு முதலில் தெரிகிறது, யாருக்குக் கடைசியில் தெரிகிறது என்பதை முடிவு செய்வதே இந்த வகைப் படத்தின் திரைக்கதை. அந்த முடிவைத் தள்ளிப்போட்டுவிட்டு சண்டைக் காட்சிகளை யோசிக்க உட்காருபவர்களின் படங்கள்தான் இரண்டாம் பாதியில் நொண்டுகின்றன.

கட்டுரையாளர் புகழ்ந்திருக்கும் 'ஷோலே'யையே (1975) எடுத்துக்கொள்வோம். ஹோலிப் பண்டிகையன்று கொள்ளைக்கூட்டத் தலைவன் கப்பர் சிங் ஊருக்குள் புகுந்து தாக்குகிறான். அவனைப் பிடிக்க முன்னாள் போலீஸ் அதிகாரி தாக்கூர் கூலிக்கு அழைத்துவந்த ஜெய்யும் வீருவும் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு துப்பாக்கி தாக்கூரின் காலடியில் கிடக்கிறது. அவர் குனிந்து எடுத்துப் போட்டால் போதும், ஆனால் சால்வையைப் போர்த்தியபடி அப்படியே நிற்கிறார். சண்டை முடிந்ததும் இருவரும் அவர்மேல் பாய்கிறார்கள்: உங்களை நம்பித்தானே வந்தோம், ஏன் எடுக்கவில்லை? அதற்குப் பிறகுதான் பிளாஷ்பேக் தொடங்குகிறது. குடும்பம் கொல்லப்பட்ட கதையும் கைகள் வெட்டப்பட்ட கதையும் வருகின்றன, பிறகு நிகழ்காலத்தில் சால்வை விலகுகிறது. வீரு கேட்ட அதே கேள்வி பார்ப்பவர் வாயிலும் இருந்ததால், பதில் எவ்வளவு நேரம் எடுத்தாலும் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. இதே பிளாஷ்பேக்கைப் படத்தின் தலையில் வைத்திருந்தால் அந்தத் துப்பாக்கிக் காட்சியே இருந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான வழியில் போனது 'அபூர்வ சகோதரர்கள்' (1989). அதில் ஒளித்துவைக்க எதுவும் இல்லை. நேர்மையான போலீஸ் அதிகாரியை நான்கு பேர் கொல்வதும், கர்ப்பிணி மனைவிக்கு விஷம் கொடுப்பதும், பிறந்த இரட்டையர் பிரிவதும் டைட்டிலை ஒட்டியே முடிந்துவிடுகின்றன. பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும், பிள்ளைகள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. ராஜா மெக்கானிக்காக ஆடிப்பாடிக்கொண்டிருக்கிறான். அப்பு சர்க்கஸில் காதலித்து ஏமாறுகிறான். அந்த அவமானம் தாங்காமல் உயிரை விடத் துணியும்போதுதான் தாய் வாயைத் திறக்கிறாள். அதாவது, பழிவாங்கும் படத்தின் நாயகனுக்கு அது பழிவாங்கும் படம் என்று தெரிவதற்கே பாதிப் படம் ஆகிறது! அதுவரை நாம் சலிக்காமல் இருப்பதற்குக் காரணம், இவனுக்குத் தெரிந்தால் என்ன செய்வான் என்ற நினைப்பு ஒவ்வொரு நகைச்சுவைக் காட்சிக்கு அடியிலும் ஓடிக்கொண்டிருப்பது. உண்மை வெளிவரும் இடமும் முக்கியம். காதல் தோல்வி, தன் உயரக் குறைவு, அதற்குக் காரணமான விஷம், அதைக் கொடுத்த கைகள் என்று எல்லாம் ஒரே காட்சியில் ஒரே நூலில் கோர்க்கப்படுகின்றன. பஞ்சு அருணாசலத்தின் கதை, கமல்ஹாசனின் திரைக்கதை. முதலில் எடுத்த பகுதி சரிவராமல் ஒதுக்கிவிட்டு, பஞ்சுவிடம் போய்க் கதையைத் திருத்தி அமைத்த செய்தி கோடம்பாக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்தப் படம் கற்றுத்தரும் இன்னொன்று, பட்டியலைக் கையாளும் விதம். நான்கு வில்லன்கள் என்றால் நான்கு கொலைகள். இங்கேதான் பெரும்பாலான படங்கள் வழுக்கி விழுகின்றன. முதல் ஆளைக் கொல்லும்போது பரபரப்பாக இருக்கும். இரண்டாவது ஆளிடம் அதே தேடல், அதே வசனம், அதே மழை. மூன்றாவது ஆள் வரும்போது பாப்கார்ன் வாங்கக் கூட்டம் கிளம்பிவிடும். ஒவ்வொரு சாவும் கதையில் ஏதாவது ஒன்றை மாற்றியாக வேண்டும். புதிய தகவல் கிடைக்க வேண்டும், அல்லது நாயகன் எதையாவது இழக்க வேண்டும், அல்லது எதிரி விழித்துக்கொள்ள வேண்டும். அப்பு செய்யும் கொலைகள் இன்னொருவன் தலையில் விடிகின்றன. சாட்சிகள் பார்த்த முகம், ராஜாவின் முகம். ஜனகராஜும் ஆர்.எஸ்.சிவாஜியும் வரும் காட்சிகளை காமெடி டிராக் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். கவனித்துப் பார்த்தால் அவைதான் போலீஸ் விசாரணை. ஒவ்வொரு சிரிப்புக்கும் ராஜா கைதாகும் நேரம் ஒரு படி நெருங்குகிறது. கொலை, காமெடி, காதல் ஆகிய மூன்று தண்டவாளங்களும் ஒரே ஸ்டேஷனில் வந்து சேர்கின்றன.

ஆக்‌ஷனுக்கும் இதில் பாடம் உண்டு. அப்புவால் கைகலப்பில் ஒருவரையும் வீழ்த்த முடியாது. அதனால் ஒன்றைத் தட்ட இன்னொன்று உருண்டு கடைசியில் ஆளை முடிக்கும் பொறி, சுடுபவனையே திருப்பிச் சுடும் துப்பாக்கி, சர்க்கஸ் புலி என்று ஒவ்வொன்றையும் தன் தொழிலிலிருந்தே செய்துகொள்கிறான். அறிமுகச் சண்டையிலேயே இருபது பேரைப் பறக்கவிடும் நாயகனுக்கு கிளைமாக்ஸில் யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் நமக்குப் பயம் வராது. நாயகனால் எது முடியாது என்பதை முதல் இருபது நிமிடத்தில் நிறுவாத திரைக்கதையை எந்த சண்டைப் பயிற்சியாளராலும் காப்பாற்ற முடியாது.

கட்டுரையாளர் 'மகாராஜா'வை (2024) 'காலத்தைக் குழப்பி வித்தை காட்டிய படம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அதுதான் என்னை எழுத வைத்தது. நிதிலன் சாமிநாதனின் அந்தப் படத்தை நேர்வரிசையில் அடுக்கிப் பாருங்கள். செல்வம் என்ற கொள்ளைக்காரன் சலூனில் நகையை மறந்து வைத்துவிட்டுப் போகிறான். சலூன்காரர் மகாராஜா அதைத் திருப்பிக் கொடுக்க வீடு தேடி வருகிறார். அதே நேரத்தில் போலீஸ் வருகிறது. காட்டிக்கொடுத்தவர் இவர்தான் என்று செல்வம் முடிவு கட்டுகிறான். பிறகு ஒரு விபத்தில் இரண்டு குடும்பங்களும் சிதைகின்றன, இரும்புக் குப்பைத் தொட்டிக்கு அடியில் ஒரு குழந்தை மட்டும் பிழைக்கிறது. செல்வம் பல வருடம் சிறையில் இருந்துவிட்டு பழிவாங்க வருகிறான். இந்த வரிசையில் சொன்னால் அந்தக் குழந்தை யாருடையது என்பது முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும். மீதிப் படத்தில் நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்துகொண்டு பார்க்க வேண்டிவரும். அதை யாராலும் உட்கார்ந்து பார்க்க முடியாது, கடைசிக் காட்சிக்கும் எந்த வேலையும் இருக்காது.

படம் செய்திருப்பது இதுதான்: செல்வத்தின் பழைய வாழ்க்கையை, ஆண்டு எதுவும் போடாமல், மகாராஜாவின் இன்றைய அலைச்சலோடு மாற்றி மாற்றி வெட்டியிருக்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோம். படம் எங்கேயும் பொய் சொல்வதில்லை, நம் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. போலீஸ் ஸ்டேஷன் காட்சிகளில் இன்னும் நுணுக்கமான வேலை நடந்திருக்கிறது. 'லட்சுமியைக் காணோம்' என்று மகாராஜா புகார் கொடுக்கிறார். மனைவியா, மகளா என்று பார்த்தால் குப்பைத் தொட்டி. போலீசார் சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், துரத்துகிறார்கள். அவர் திரும்ப வந்து அதே கதையை அதே வார்த்தைகளில் சொல்கிறார். கொடுப்பதாகச் சொல்லும் பணம் லட்சக்கணக்கில் ஏறுகிறது. குப்பைத் தொட்டிக்கு இவ்வளவு பணமா என்று எப்போது நம் சிரிப்பு நிற்கிறதோ, அப்போதே திரைக்கதை வென்றுவிடுகிறது. பணத்துக்காகப் போலீசார் போலித் தொட்டி ஒன்றைச் செய்து, போலித் திருடன் ஒருவனையும் ஏற்பாடு செய்கிறார்கள். அந்தப் போலித் திருடனே உண்மைக் குற்றவாளிகளில் ஒருவன். இங்கே நடந்த கொடுமை நாயகனுக்குத் தெரியும், பார்ப்பவருக்குத்தான் ஒன்றும் தெரியாது. 'அபூர்வ சகோதரர்கள்' வைத்த தராசை அப்படியே கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. நாயகனின் மனதைப் படம் முக்கால்வாசி நேரம் மூடிவைக்க வேண்டும். அவர் தனியாக இருக்கும்போதும் அழக்கூடாது, யாரிடமும் மனம்விட்டுப் பேசக்கூடாது. விஜய் சேதுபதியை வெறித்த பார்வையோடும் ஒப்பிப்பது போன்ற பேச்சோடும் நடிக்க வைத்ததற்கு அதுவே காரணம். சாதாரண நடிகர் கையில் அது மரக்கட்டையாகியிருக்கும். எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. மகாராஜா மகளாக வளர்க்கும் அந்தச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசி நேரத் திருப்பத்துக்கான பொருளாக ஒளித்துவைத்ததை முழு மனதோடு ஏற்க முடியவில்லை. குற்றவாளியை நேருக்கு நேர் சந்தித்துப் பேசும் இடத்தை அந்தப் பெண்ணுக்கே கொடுத்திருப்பதால் படம் ஓரளவு தப்பிக்கிறது. ஆனாலும் இது அமைப்பின் கோளாறு இல்லை, எதை முடிச்சாக வைப்பது என்ற தேர்வின் கோளாறு.

அப்படியானால் கட்டுரையாளர் சொல்லும் தொய்வு எங்கிருந்து வருகிறது? 'பாட்ஷா' (1995) வெற்றி பெற்ற பிறகு, இடைவேளையை ஒட்டி பிளாஷ்பேக் வைப்பது ஒரு சடங்காகிவிட்டது. 'பாட்ஷா'வில் முதல் பாதி முழுவதும் ஒரே கேள்வியை வளர்த்துக்கொண்டே போகும்: இந்த ஆட்டோக்காரர் உண்மையில் யார்? தங்கையின் கல்லூரி சீட்டுக்காக அறைக்குள் போய் அவர் என்ன சொன்னார் என்பதைக்கூட நமக்குக் கேட்கவிடாமல் மறைப்பார்கள். பின்னால் வந்தவர்கள் பிளாஷ்பேக் இருந்த இடத்தைக் காப்பியடித்தார்கள், கேள்வியை விட்டுவிட்டார்கள். நாயகனின் மனைவியோ நண்பனோ கொல்லப்பட்டிருக்கிறார் என்பது சுவரில் மாலை போட்ட போட்டோவைப் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. தெரிந்ததைச் சொல்ல அரை மணி நேரம், அதில் ஒரு டூயட், ஒரு கோயில் திருவிழா.

இன்னொரு ஓட்டை நிகழ்காலத்தில் இருக்கிறது. இடைவேளைச் சண்டையில் நாயகன் எல்லோரையும் அடித்துப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து கதை சொல்கிறார். திரும்பி வரும்போது அங்கே காத்திருக்கும் ஆபத்து என்று எதுவும் இல்லை. வண்டியை மறுபடி முதல் கியரிலிருந்து கிளப்ப வேண்டியிருக்கிறது. பிளாஷ்பேக்குக்குள் நுழையும் முன் நிகழ்காலத்தில் ஒருவர் கடத்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது போலீஸ் தெருமுனைக்கு வந்திருக்க வேண்டும். சீன் ஆர்டர் எழுதும்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காட்சிக்கு ஒன்றாக எழுதிய அட்டைகளில் பிளாஷ்பேக் அட்டையை எடுத்துப் படத்தின் தொடக்கத்தில் வையுங்கள், பிறகு கிளைமாக்ஸுக்கு முன்னால் வையுங்கள். எங்கே வைத்தாலும் மற்ற காட்சிகள் அசையாமல் இருந்தால், அந்த பிளாஷ்பேக் வெறும் தகவல். இரண்டு வசனத்தில் முடித்துவிடலாம்.

பிளாஷ்பேக்கே இல்லாமல் நேராகப் போவதற்கு உதாரணமாக 'ஜான் விக்'கை (2014) கட்டுரை காட்டுகிறது. இறந்த மனைவி அனுப்பிவைத்த நாய்க்குட்டியைக் கொல்வதில் தொடங்கும் அந்த முதல் பாகம் கச்சிதமானது, மறுக்கவில்லை. ஆனால் நாயைக் கொன்றவன் கிளைமாக்ஸுக்கு முன்பே செத்துவிடுகிறான். அதன்பின் படத்தை ஓட்ட, நாயகனின் நண்பனைக் கொன்று புதிதாக ஒரு காரணம் செய்ய வேண்டியிருக்கிறது. நேர்க்கோட்டிலும் பள்ளம் உண்டு. குவெண்டின் டாரண்டினோவின் 'கில் பில்' முதல் பாகம் (2003) அந்தப் பள்ளத்தைத் தாண்டியது, வரிசையைக் கலைத்ததால்தான். கொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் இரண்டாவது பெயருக்கு உரியவளை நாயகி முதலில் கொல்கிறாள். அந்தப் பெயரை அடித்துவிட்டு நோட்டைப் பார்த்தால் முதல் பெயர் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருக்கிறது. ஆக, கடைசிப் பெரிய சண்டையில் யார் ஜெயிப்பார் என்பது நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும், எப்படி என்பதுதான் மிச்சம். பாகம் முடியும் கடைசி வசனத்தில், நாயகிக்குத் தெரியாத ஒன்று நமக்குச் சொல்லப்படுகிறது: அவள் மகள் உயிரோடு இருக்கிறாள். 2004இல் வந்த இரண்டாம் பாகத்தை அந்த ஒற்றை வசனமே இழுத்துச் செல்கிறது.

கடைசியாக ஒரு திருத்தம். 'ஷோலே'யில் தாக்கூர் கப்பரைக் கொல்லாமல் போலீசிடம் விடுவதை, 'பழிவாங்கும் உணர்ச்சியைத் தாண்டிய திரைக்கதை முதிர்ச்சி' என்று கட்டுரை பாராட்டியிருக்கிறது. சலீம்-ஜாவேத் எழுதியதும் ரமேஷ் சிப்பி முதலில் படமாக்கியதும் அந்த முடிவு இல்லை. அதில் தாக்கூர் தன் கால்களாலேயே கப்பரைக் கொன்றுவிடுவார். நெருக்கடி நிலைக் காலத்தில் தணிக்கைக் குழு அதற்கு ஒப்புக்கொள்ளாததால், போலீஸ் வந்து தடுப்பதாக மறுபடி படமெடுத்து வெளியிட்டார்கள். பழைய முடிவோடு மீட்டெடுக்கப்பட்ட பிரதி 2025இல் இத்தாலியின் போலோனியா விழாவில் திரையிடப்பட்டது. அடுத்த இணைப்பில் இதை ஒரு வரியிலாவது வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்,
சாலிகிராமம், சென்னை